நான் பேசி முடிச்சுட்டேன்

"அவ வேகத்துல அவ வருவா" என்ற வார்த்தையை அந்தப் பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் கேட்டேன். சென்ற மார்ச் மாதம், என் மகள் ஒன்பதாம் வகுப்பு முடிக்கப்போகிற சமயத்தில், அதைச் சொன்ன அதே வாய், "அவ வேகம் பத்தாதும்மா" என்றது. இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததை வரிசையாக எழுதிவைக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். கோபம் ஆறட்டும், பொறவு எழுதலாம் என்றார் என் வீட்டுக்காரர். ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆறவில்லை. அதனால் ஆறாமலே எழுதுகிறேன்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில், நூலின் தரம் பார்க்கிற லேபில் வேலை செய்கிறேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். என் வீட்டுக்காரருக்குச் சுந்தரபாண்டியத்தில் தோட்டம். ஒரே மகள். பள்ளிக்கூடம் ஊருக்கு வெளியே, மலையைப் பார்த்த ஒரு மாந்தோப்பில் இருக்கிறது. அதை நடத்துகிற அம்மாளுக்குக் கிட்டத்தட்ட என் வயதுதான். ஆனால் இரண்டரை வயதுக் குழந்தையிலிருந்து வேன் டிரைவர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் பெரியக்கா. மற்ற ஆசிரியர்கள் அக்கா, அண்ணன். மிஸ், சார், மேடம் என்ற பேச்சே அங்கே கிடையாது. பயம் முதலில் கூப்பிடுகிற பெயரில்தான் ஆரம்பிக்கிறது என்று பெரியக்கா சொல்வார். எனக்கு அது சரி என்றே பட்டது. இன்றைக்கும் சரி என்றே படுகிறது. அதனால்தான் இவ்வளவு கோபம்.

இரண்டரை வயதில் கொண்டுபோய் விட்டோம். மணல், ஒரு தண்ணீர்த் தொட்டி, மரக்கட்டைகள், புளியங்கொட்டை, பழைய பாத்திரங்கள், ஒரு தராசு. பிள்ளை எதைக் கையில் எடுக்கிறதோ அதிலிருந்து அக்காமார் பாடத்தைத் தொடங்குவார்கள். எட்டாம் வகுப்பு வரை பரீட்சை இல்லை, மார்க் இல்லை. வருடக் கடைசியில் பெற்றோரைப் பாயில் உட்காரவைத்து, பிள்ளை எதில் மூழ்கிப்போனாள், எங்கே தடுமாறினாள், எதைப் பார்த்துச் சிரித்தாள் என்று சொல்வார்கள். மில்லில் எனக்கு மேலிருப்பவர் இத்தனை வருடத்தில் என்னை அவ்வளவு கவனித்ததில்லை.

ஊர் சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், சபையில் எங்களுக்கு முன்வரிசையில் உட்காரும் ஒரு அத்தை வாசலிலேயே பிடித்துக்கொள்வார்.

"ஒம் மவ ஏபிசிடி சொல்லுவாளா?"

"இன்னும் இல்ல அத்தை. மண்ணுல விளையாடுறா."

"அதுக்குப் பீஸ் வேறயா? எங்க வீட்டு வாசல்ல மண்ணு சும்மாதான கெடக்கு. அனுப்பி வையி, நானும் ஒரு ஸ்கூல் ஆரம்பிக்கேன்."

என் மதினி, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, தேவதானம் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவருக்கு நாக்கு இன்னும் கூர். "ஏட்டி, பத்தாங்கிளாசு பரீட்சைக்குப் போயி புளியங்கொட்டைய எண்ணிக் காட்டவா போறா?" என்பார். நான் விடமாட்டேன். எங்கள் வீட்டு விசேஷங்களில் நானும் மதினியும் இதைப் பற்றிச் சண்டை போடாமல் பந்தி முடிந்ததில்லை.

அந்த வார்த்தையை முதன்முதலில் கேட்டது மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போது. காலையில் விடப் போயிருந்தேன். போனதும் தண்ணீர்த் தொட்டியில் சட்டையை நனைத்துக்கொண்டாள். மாற்றுச் சட்டைக்குப் பட்டன் போட அவளுக்கு வரவில்லை. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. குனிந்து போடப் போனேன். பெரியக்கா என் கையைப் பிடித்தார்.

"நீங்க பஸ்ஸுக்குப் போங்க. அவ வேகத்துல அவ போடுவா."

சாயங்காலம் அவள் வந்தபோது எல்லாப் பட்டனும் ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தது. சட்டையின் ஒரு பக்கம் கழுத்தில் இடித்துக்கொண்டு நின்றது. யாரும் அதைக் கழற்றிச் சரிசெய்யவில்லை. அவளும் விடவில்லை. அந்தக் கோணல் சட்டையோடு தெரு முழுக்க நிமிர்ந்து நடந்து வந்தாள். அன்று என் டைரியில் பெரியக்காவுக்கு நன்றி எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை நான் கிழிக்கப்போவதில்லை. நடந்தது நடந்ததுதான்.

அந்தப் பள்ளியில் மற்ற எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது வட்டம். வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பி. யாருக்கு எதில் மனக்குறை இருந்தாலும், ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்தாலும், போய் அதை அடிக்கலாம். அடித்தால் பள்ளிக்கூடம் முழுவதும் வந்து மரத்தடியில் வட்டமாக உட்கார வேண்டும். பெரியக்காவும்தான். எல்லாரும் தரையில். நின்றுகொண்டு பேசக்கூடாது. வட்டத்தில் இல்லாத ஆளைப் பற்றிப் பேசக்கூடாது. பேசுகிறவர் கடைசியில் "நான் பேசி முடிச்சுட்டேன்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்கிற வரைக்கும் யாரும் குறுக்கே பேசக்கூடாது, எழுந்து போகவும் கூடாது. பென்சில் திருட்டு, ஊஞ்சல் சண்டை, மதியச் சாப்பாட்டில் உப்பு ஜாஸ்தி என்று எல்லாம் அங்கேதான் தீர்ந்தன. ஒரு அண்ணன் ஒரு பையன் மேல் கையை ஓங்கிவிட்டார் என்று ஒருமுறை வட்டம் கூடி, அந்த அண்ணன் எல்லார் முன்னாலும் வருத்தம் சொன்னாராம்.

இந்தப் பழக்கத்தை மகள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். சாப்பிடும்போது அவள் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். அப்பாவுக்கு போன் வரும். எடுக்கப்போவார்.

"அப்பா, நான் இன்னும் முடிக்கல."

"சரி தாயி, முடி. மோட்டார் ஓடுதா நிக்குதான்னு கேக்கான். ஓடட்டும். நீ முடிச்ச பொறவு தண்ணி பாய்ஞ்சா போதும்."

அவள் செத்த நேரம் யோசித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, "நான் பேசி முடிச்சுட்டேன்" என்ற பிறகுதான் அவர் போனைத் தொடுவார். அவள் எதையும் மெதுவாகச் செய்கிறவள். அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. ஆறாம் வகுப்பில் பக்கத்துக் கண்மாயில் ஒரு கம்பை நட்டு வருடம் முழுக்கத் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தார்கள். மற்றப் பிள்ளைகள் சலித்து விட்டுவிட்டார்கள். இவள் மடை திறக்கிறவரிடம் போய், எந்த வயலுக்கு எப்போது திறப்பீர்கள் என்று கேட்டுவைத்து, மட்டம் ஏன் சில வாரம் சட்டென்று இறங்குகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னாள். அந்த வருடக் கூட்டத்தில் பெரியக்கா எங்களிடம், "இவள மாதிரிப் பிள்ளைக்காகத்தான் இந்த ஸ்கூலே" என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். நடிப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை.

பிறகு பள்ளிக்குப் பத்தாம் வகுப்பு வரை அனுமதி கிடைத்தது. முதல் வருடப் பிள்ளைகள் பொதுத்தேர்வு எழுதி எல்லாரும் தேர்ச்சி பெற்றார்கள். ராஜபாளையம் சாலையில் பள்ளிக்குத் திரும்புகிற முக்கில் ஒரு பெரிய பிளெக்ஸ் வைத்தார்கள். நூறு சதவீதத் தேர்ச்சி. பிள்ளைகளின் முகங்கள், கீழே மார்க். மார்க்கே இல்லாத பள்ளிக்கூடம் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். இப்போது அது லாரிக்காரனுக்குக்கூடத் தெரிகிற அளவில் எழுதியிருந்தது.

பிளெக்ஸ் வந்த பிறகு ஊர் சிரிப்பை நிறுத்திவிட்டது. சபை அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பேரனுக்கு ஒரு எடம் கேட்டுச் சொல்லேன். மண்ணுல விளையாடட்டும், அதுல என்ன இருக்கு?" என்றார். ராஜபாளையத்திலிருந்து கார்கள் வந்தன. வருகிறவர்கள் தராசையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்க்கவில்லை. பிளெக்ஸைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், அடுத்த வருடமும் அதில் அதே நூறைப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்.

என் மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனபோது அந்த வகுப்புக்கு மட்டும் பெஞ்ச் வந்தது. சுவரில் கடிகாரம் வந்தது. பாடம் எடுக்க வெளியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும். ஒன்பதும் பத்தும் வட்டத்துக்கு வர வேண்டாம், நேரமில்லை என்றார்கள். இதற்கெல்லாம் காரணம் கேட்டு வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். பெரியக்காவிடமிருந்து ஒரு கும்பிடு பொம்மை வந்தது.

முதல் டெஸ்டில் பாதித் தாள் வெள்ளையாக இருந்தது. எழுதிய பாதியில் தப்பு இல்லை. இரண்டு மார்க் கேள்விக்கு, ஈரத் துணி காற்றில் ஏன் சீக்கிரம் காய்கிறது என்பதற்கு, ஒரு பக்கம் எழுதிப் படமும் போட்டிருந்தாள். அதன் மேல் சிவப்பு மையில் 'தேவையில்லை'.

"எனக்கு மீதியும் தெரியும்மா," என்றாள். "எழுதுறதுக்குள்ள பிடுங்கிடுறாங்க."

நான் போய்ப் பெரியக்காவைப் பார்த்தேன். இதுவரை கடிகாரம் பார்த்து எழுதாத பிள்ளை, பழக்கிவிடுங்கள், தினமும் கொஞ்ச நேரம் எழுத வைத்தால் கை வந்துவிடும் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை அன்றைக்கே எழுதிவைத்தேன். "வேகமா எழுத வச்சுப் பழக்குறது நம்ம வழி இல்லம்மா. அது குழந்தைய மெஷினாக்குற வேலை. பயப்படாதீங்க. அவ வேகத்துல அவ வருவா." இது ஆகஸ்ட் மாதம். டெஸ்ட் மட்டும் நிற்கவில்லை. பழக்கமாட்டார்கள், ஆனால் பரீட்சை வைப்பார்கள். பரீட்சை வைப்பது அவர்கள் வழி, பழக்குவது அவர்கள் வழி இல்லை.

எங்கள் லேபிலும் டெஸ்ட்தான் வேலை. ஒவ்வொரு மெஷினிலிருந்தும் கொஞ்சம் நூல் எடுத்து வந்து, அளந்து, எடை போட்டு, அறுகிற வரைக்கும் இழுத்துப் பார்ப்போம். சீக்கிரம் அறுந்தால் எந்த மெஷின் என்று பார்த்து அங்கே போவோம். ரோலர் தேய்ந்திருக்கும், பஞ்சு அடைத்திருக்கும். சரிசெய்வோம். அறுந்த நூலைக் குப்பையில் போட்டுவிட்டு, எல்லா நூலும் நன்றாக இருக்கிறது என்று நான் ரிப்போர்ட் எழுதினால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நூலுக்கு உள்ள நியாயம் இது.

மார்ச்சில் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். பாய் போயிருந்தது. மேஜை, நாற்காலிகள். சுக்குக் காப்பியும் கம்பு லட்டும் வந்தன. பெரியக்கா குரலை எப்போதையும் விட மென்மையாக வைத்துக்கொண்டார்.

"நம்ம யாருக்குமே அவ மேல அக்கறை இல்லாம இல்ல. பத்தாவது ரொம்பப் பிரஷர். அவ வேகம் பத்தாதும்மா. இங்க இருந்தா கஷ்டப்படுவா. அவளுக்கு ஏத்த வேற இடம் பாத்தா, அவளுக்கே நல்லது."

"டி.சி. குடுக்கியளா டீச்சர்?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் மட்டும் ஒருநாளும் அவரை அக்கா என்று கூப்பிட்டதில்லை. வரவில்லை அவருக்கு.

"நாங்க குடுக்கலங்க. நீங்க விருப்பப்பட்டுக் கேக்குற மாதிரி ஒரு லெட்டர்..."

"நாங்க விருப்பப்படலியே."

"பிள்ளையோட நன்மைக்காக—"

"இல்ல, எனக்கு வெளங்கல. முக்குல போர்டு வைக்கியள்ல, அதுல எம் பிள்ளை மூஞ்சி நல்லா இருக்காதுங்கியளா? வேணும்னா அவ படத்த விட்டுட்டு வைங்க. அவ கோவிச்சுக்க மாட்டா. அவ பாட்டுக்கு ஒரு ஓரமா படிச்சுட்டுப் போறா."

பெரியக்கா லட்டுத் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார். நான் அப்போது பேசியது எல்லாம் இங்கே எழுதத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். "வேற யார்கிட்டயாவது வளந்திருந்தா அவங்க சரியா வளக்கலன்னு சொல்லலாம். இது இரண்டரை வயசிலேருந்து உங்க கையில வளந்த பிள்ளை. நீங்க பட்டன் போடவிட்ட பிள்ளை," என்றேன். அவருக்குப் பட்டன் ஞாபகம் இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

வீட்டில் மகளிடம் மறைக்கவில்லை. சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் தட்டில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "வட்டத்துல பேசினாங்களா?" என்றாள்.

"இல்ல. ஆபீஸ்ல."

"நான் இல்லாமயேவா?"

அவள் அப்பா, "வட்டமாவது சதுரமாவது. நீ சாப்பிடு தாயி" என்றார். அவள் சாப்பிட்டாள்.

மதினிக்குப் போன் போட்டேன். குத்திக்காட்டுவார் என்று தெரிந்தேதான் போட்டேன். மறுநாளே தேவதானத்திலிருந்து வந்துவிட்டார். வந்ததும் மகளிடம் ஒரு பழைய கேள்வித்தாளைக் கொடுத்து, தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவள் எழுதியதை வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, இவளுக்கு என்ன கொறை? கைக்குப் பழக்கமில்ல, அம்புட்டுதான். நீச்சல் தெரிஞ்ச புள்ளய ஓடச் சொன்னா செத்த நேரம் தடுமாறத்தான் செய்யும். ஒரு வருஷம் முழுசா இருக்கே."

"அப்பம் அவங்க ஏன் மதினி..."

"ஒரு புள்ள தவறினா நூறு போயி தொண்ணூத்திச் சொச்சம் ஆயிரும்லா. அதுக்குத்தான். நம்ம பக்கம் எத்தன ஸ்கூல்ல இந்தக் கூத்து நடக்கு, ஒனக்குத் தெரியாதா? எங்ககிட்ட வார புள்ளைல பாதி இப்படித் தள்ளிவிட்டு வந்ததுதான். மத்தவன் பெரம்ப ஓங்கி வெரட்டுதான். ஒங்க பெரியக்கா லட்டு குடுத்து வெரட்டுதாவ."

புளியங்கொட்டை பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு அரசுப் பள்ளியில் தனக்குத் தெரிந்த தலைமை ஆசிரியையிடம் பேசி இடமும் உறுதிசெய்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். இப்போது மகள் அங்கே பத்தாம் வகுப்பு. ஐம்பது பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறாள். தினமும் சாயங்காலம் ஒரு தாள் கடிகாரம் வைத்து எழுதுகிறாள். வெள்ளை இடம் குறைந்துகொண்டு வருகிறது. அவளுடைய கேள்விகளும் குறைந்துவிட்டன. இரண்டாவதைப் பற்றி யாரிடம் போய் முறையிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆக, டி.சி. வாங்கப் போன காலையில் எங்களுக்கு அந்தப் பள்ளியில் இருக்க வேண்டும் என்ற ஆசை இல்லை. இரண்டு காரியம்தான் பாக்கி. லெட்டரைக் கொடுக்க வேண்டும். மகள் லைப்ரரிப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மில்லுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு இருவரும் போனோம். அவள் புத்தகப் பையோடு லைப்ரரிப் பக்கம் போனாள். நான் ஆபீசுக்குள் போனேன்.

என் லெட்டரில் இரண்டே வரி. 'என் மகளின் எழுதும் வேகம் பத்தாம் வகுப்புக்குப் போதாது என்று பள்ளி கூறியதால், பள்ளியின் விருப்பப்படி மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொள்கிறேன்.' பெரியக்கா அதை வாசித்துவிட்டு மேஜையில் வைத்தார்.

"இப்படி எழுத முடியாதும்மா."

"ஏன், பொய்யா?"

"பார்மேட்னு ஒண்ணு இருக்கு. 'சொந்த விருப்பத்தின் பேரில்'னு போட்டாப் போதும்."

"இத்தன வருஷம் பிள்ளைகளுக்கு உள்ளத உள்ளபடி சொல்லுன்னு சொல்லிக் குடுத்தீங்க. நானும் உங்ககிட்டதான் அக்கா கத்துக்கிட்டேன்."

"உங்க கோபம் எனக்குப் புரியுது—"

அவர் முடிக்கவில்லை. வெளியே தண்டவாளம் அடிக்கிற சத்தம் கேட்டது. ஒரு அடி இல்லை. நிதானமாக, ஒன்று அடங்கிய பிறகு ஒன்றாக. யார் என்று ஜன்னலுக்குப் போய்ப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

நாங்கள் வெளியே வருவதற்குள் மழலை வகுப்புப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குச் சத்தம் கேட்டால் வட்டம், அவ்வளவுதான். பிறகு ஒவ்வொரு வகுப்பாக வந்தது. ஒன்பதாம் வகுப்பு வாசலில் நின்று மேடத்தின் முகத்தைப் பார்த்தது. மேடம் பெரியக்காவின் முகத்தைப் பார்த்தார். நடுவில் யார் என்ன ஜாடை காட்டினார்கள் என்று தெரியாது, அவர்களும் வந்து பின்னால் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். என் மகள் வேரின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் வேலி ஓரமாக நின்றுகொண்டேன். பெற்றோருக்கு வட்டத்தில் இடம் கிடையாது.

பெரியக்கா நின்றார். "என்னடா கண்ணு, ஆபீஸ்ல வந்து பேசலாம்ல?"

ஒரு சின்னப் பெண், ஐந்து வயது இருக்கும், முன்னால் உட்கார்ந்திருந்தவள், அவர் சேலையைப் பிடித்து இழுத்தாள். "பெரியக்கா, கீழ உக்காருங்க. நின்னு பேசப்பிடாது."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பெரியக்கா உட்கார்ந்தார்.

மகள் பேசினாள். எப்போதும் போல இடைவெளி விட்டு விட்டு. "என்னப் பத்தி ஒரு முடிவு எடுத்திருக்கீங்க. நான் இல்லாதப்ப எடுத்திருக்கீங்க. நான் வேற ஸ்கூலுக்குப் போறேன். அது பரவால்ல. எங்க அத்தை இடம் பாத்துட்டாங்க. ஆனா அந்த முடிவ இங்க சொல்லணும். நான் மெதுவா எழுதுறது யாருக்கு இடைஞ்சல்னு சொல்லணும்."

"பிளெக்ஸுக்கு," என்றது பின்னாலிருந்து ஒரு பையன் குரல். ஒன்பதாம் வகுப்பு அடக்கமுடியாமல் சிரித்தது. பிறகு சட்டென்று நின்றுவிட்டது. அடுத்தது யார் என்ற யோசனை அவர்களுக்கும் வந்திருக்கும்.

"குறுக்க பேசக்கூடாது," என்றாள் மகள் அவனிடம். அவள் கோபப்படவில்லை. அவன், "சாரி" என்றான்.

பெரியக்கா பேசினார். பெரியவர்கள் எடுக்க வேண்டிய சில முடிவுகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் வட்டத்தில் பேச முடியாது, அம்மா அப்பாவின் விருப்பம் என்று ஒன்று இருக்கிறது என்றார். அம்மா அப்பாவின் விருப்பம் என்றபோது என் பக்கம் திரும்பவில்லை. சான்றிதழ் பின்னால் தபாலில் வந்தது. அதிலும் காரணம் என்ற இடத்தில் 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்றுதான் இருந்தது. எங்கள் லெட்டரை என்ன செய்தார்கள் என்று தெரியாது. அதைக் குறித்துவிட்டு அந்தக் காலைக்கே திரும்புகிறேன்.

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ இன்னும் சொல்லப்போகிறார், அதற்காகக் காத்திருக்கலாம் என்பது போல. அவர், "நான் பேசி முடிச்சுட்டேன்" என்றார். என் மகள் எழுந்தாள். புத்தகம் இல்லாத காலிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வட்டத்துக்கு வெளியே வந்து, வேலி ஓரமாக நின்ற என்னிடம், "போலாம்மா" என்றாள்.

பெரியக்கா சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "சரி, எல்லாரும் கிளாசுக்குப் போங்க."

பெரிய பிள்ளைகள் எழுந்தார்கள். சின்னவர்கள் எழவில்லை. சேலையைப் பிடித்து இழுத்த அதே பெண் கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

"எந்திரிம்மா. வட்டம் முடிஞ்சிருச்சு."

"முடியல பெரியக்கா. அந்த அக்கா முடிச்சுட்டேன்னு சொல்லல."

"அவங்க போறாங்கடா. எந்திரி."

"சொன்னாத்தான எந்திரிக்கணும்?" அவளுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளைகளும் ஆமாம் என்பது போல் தலையாட்டின. எழுந்து நின்ற ஏழாம் வகுப்பில் சிலர் தயங்கி மறுபடியும் உட்கார்ந்தார்கள். ஒரு அக்கா சின்னவர்களைக் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். தூக்கினால் காலை மடக்கிக்கொண்டு மறுபடியும் தரையில் விழுந்தார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு இல்லை. அந்தச் சட்டத்தை அவர்களுக்கு யாரோ மிக நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

பெரியக்கா பிள்ளைகளின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். காலையிலிருந்து முதல்முறையாக நேராகப் பார்த்தார். "நீங்க அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன். சொல்லிட்டுப் போகட்டும்."

மகள் கேட்டருகில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது கேட்டிருக்கும். வார் கொக்கியை மெதுவாக மாட்டினாள். அவசரப்படவில்லை.

"அவ வேகத்துல அவ சொல்லுவா அக்கா," என்றேன்.

கேட்டைச் சாத்திவிட்டு, பஸ் வருகிற முக்கு வரைக்கும் இருவரும் நடந்தோம். பிளெக்ஸின் நிழல் மட்டும்தான் அங்கே நிழல். நாங்கள் வெயிலில் நின்றோம்.